நான்காவது துளையில் இருந்த மேடு

அந்தத் தெரு மெக்கானிக்குகள் எல்லோருக்கும் அவள் பல்லக்கா. பல் எடுப்பாக இருக்கும் போலிருக்கிறது என்று யாரும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அவள் பல்லெல்லாம் லட்சணமாகத்தான் இருக்கின்றன. இந்த இரும்பு வேலைக்கு வருவதற்கு முன்னால் பதினோரு வருஷம் பல்செட் செய்யும் லேபில் இருந்தாள், அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவள் அதில் மாவு ஊற்றி, பல் வைத்து, ராவி, மெருகேற்றித் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பிவிட்டுச் சும்மா இருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. இவளோ அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு டாக்டருக்கே போன் போடுவாள்.

"டாக்டர், இவர் வலது பக்கமாவே மென்னுட்டிருக்காரே, இடது பக்கம் என்ன கோளாறுன்னு கேட்டீங்களா?"

"உனக்கு எதுக்கும்மா அதெல்லாம்?" என்று அவர் போனை வைத்துவிடுவார்.

வாழ்க்கையில் அவள் காதில் அதிகம் விழுந்த கேள்வி அதுதான். ஒரு தடவைகூடப் பதில் சொன்னதில்லை. எதற்கு என்று அவளுக்கே தெரிந்தால்தானே சொல்வதற்கு?

அவள் கணவர் மெக்கானிக். சாதாரண மெக்கானிக் இல்லை, அவரைவிட வயதில் மூத்த கார்களை மட்டும் தொடுவார். வாயைத் திறப்பதில் மகா கஞ்சன். கல்யாணமான புதிதில் ஒருநாள் பழைய எஞ்சின் ஒன்றின் ஹெட்டைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்து, கொஞ்சம் கழுவி வை என்று சொல்லிவிட்டுப் போனார். ஹெட் என்பது எஞ்சினுக்கு மேலே மூடி போல உட்காரும் இரும்புக் கட்டி. காற்றும் பெட்ரோலும் உள்ளே போகத் துளைகள், புகை வெளியேறத் துளைகள், அவற்றைத் திறந்து மூட வால்வுகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. இவள் கழுவுகிற சாக்கில் ஒரு துளைக்குள் சுண்டுவிரலை விட்டாள். விரல் கொஞ்ச தூரம் நேராகப் போய், சட்டென்று கீழ்நோக்கி வளைந்தது.

"என்னங்க, இது வழியா என்ன போகுது?"

"காத்து."

"உள்ள போய் எப்படித் திரும்புது?"

"எப்படியோ திரும்புது. கழுவி வைன்னா கழுவி வையேன்."

எப்படியோ என்றால் அவளுக்குச் சோறு இறங்குமா? லேபிலிருந்து அச்செடுக்கும் ரப்பர் கலவையைக் கொண்டுவந்து அந்தத் துளைக்குள் ஊற்றினாள். இறுகிய பிறகு மெதுவாக உருவினாள். கழுத்துச் சிறுத்து, முனை வளைந்த ஒரு நீல ரப்பர் துண்டு கையில் வந்தது. காற்று போகிற வழியின் வடிவம் அது. காற்றை யார் கண்ணால் கண்டார்கள்? இவள் அன்றைக்குக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அடுத்த மாதமே லேப் வேலையை விட்டுவிட்டாள்.

அது நடந்து பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. பழைய எஞ்சின்களின் ஹெட்டுகளில் துளைகளை ராவி என்கிற சுழலும் அரத்தால் செதுக்கி, காற்று தாராளமாகப் போகும்படி செய்துகொடுப்பாள். காற்று அதிகம் போனால் எஞ்சினுக்குத் தெம்பு அதிகம், விஷயம் அவ்வளவுதான். எவ்வளவு போகிறது என்று அளக்க அவளே ஒரு பெட்டி செய்திருந்தாள். மரப்பெட்டி, அதற்குள் வீடு கூட்டும் வாக்யூம் கிளீனரிலிருந்து பிடுங்கிய மோட்டார், பக்கத்தில் வளைந்த கண்ணாடிக் குழாயில் நீலச் சாயம் கலந்த தண்ணீர். ஹெட்டைப் பெட்டிமேல் வைத்து மோட்டாரைப் போட்டால், துளை வழியாகக் காற்று இழுபடும். அதிகக் காற்று போனால் தண்ணீர் அதிகம் ஏறும். குழாய் ஓரத்தில் கோடு போட்டு எண் எழுதி வைத்திருந்தாள். மோட்டார் அடிக்கடி புகைந்துபோகும். அவள் வருகிறாள் என்றால் சொந்தக்காரர்கள் வாக்யூம் கிளீனரைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவார்கள்.

அப்படியிருக்கையில்தான் பஸ்காரர் வந்தார்.

முப்பத்தாறு வருஷம் மலைக்குப் போகும் பஸ்ஸை ஓட்டி ஓய்வு பெற்றவர். பதினோரு வளைவு. மலை உச்சியில் இருக்கும் ஆஸ்பத்திரியின் துணி வெளுக்கும் பகுதியில் அவர் மனைவி வேலை பார்த்தாள். தினமும் அவர் பஸ்ஸில்தான் போவாள், வருவாள், ஆனால் கடைசி வரிசையில்தான் உட்காருவாள். முன்னால் உட்கார்ந்தால் இவர் பேச்சுக் கொடுப்பார், ஓட்டுநருடன் பேசாதீர் என்று பலகை வேறு தொங்குகிறது. ஓய்வு பெற்றதும் சொந்தக் காரில் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசிக்கொண்டே அழைத்துப் போகிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். சின்ன வயசிலிருந்து ஆசைப்பட்ட கார் ஒன்று, அறுபத்தைந்து வருஷப் பழசு, தேடிப்பிடித்து வாங்கியும்விட்டார்.

சமதரையில் அது ராஜா மாதிரி போனது. மலையில் ஒன்பதாவது வளைவில் மூச்சுத் திணறி நின்றது. மூன்று ஞாயிற்றுக்கிழமை போனார்கள், மூன்று தடவையும் அதே இடம். மனைவி இறங்கி நிற்பாள். பின்னாலேயே அவர் ஓட்டிய அதே பஸ் வரும். இப்போதைய ஓட்டுநர் நிறுத்தி, "அண்ணி, ஏறிக்கோங்க" என்பான். அவளும் ஏறிப் போய்விடுவாள். உச்சியில் அவள் தங்கை வீடு இருக்கிறது, பாவம், அவளுக்குப் போகவேண்டாமா? பஸ்காரர் மட்டும் காரைப் பின்னாலேயே இறக்கிக்கொண்டு வருவார். நான்காவது ஞாயிறு அவள், "எனக்கு பஸ்ஸே போதும்ங்க" என்று சொல்லிவிட்டாள். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். சாதாரணமாகச் சொன்னாள்.

"மூணு மெக்கானிக் பாத்துட்டாங்க தங்கச்சி," என்றார் பஸ்காரர். "மூணு பேரும் கண்டிப்பா ஏறும்னாங்க. எனக்கு வண்டி ஓடணும்னுகூட இல்ல. அவளா வந்து பக்கத்துல உக்காரணும். அவ்வளவுதான்."

பல்லக்காவின் மெக்கானிக் கணவர் எல்லாவற்றையும் சோதித்தார். மற்றதெல்லாம் சரி, எஞ்சின்தான் போதுமான காற்றை இழுக்கவில்லை. ஹெட்டைக் கழற்றிப் பல்லக்கா மேசையில் வைத்தார். "பாத்துப் பண்ணு. இதுக்கு மாத்து ஹெட் கிடைக்காது. ஒண்ணே ஒண்ணு கண்டுபிடிச்சேன், அதுவும் வெடிப்பு," என்றார். அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசினால் விஷயம் பெரிசு என்று அர்த்தம்.

அந்த வாரம் பார்த்து அளக்கும் பெட்டியின் மோட்டார் புகைந்து கிடந்தது. வேறொன்று வெள்ளிக்கிழமை வரும் என்றார்கள். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார இவளால் ஆகுமா? துளைகளுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். காற்று உள்ளே போகும் துளைகள் நான்கு. நான்கிலும், கீழ்நோக்கி வளைகிற இடத்தில், தரைப்பக்கமாக ஒரு சின்ன மேடு இருந்தது.

பல்செட்டின் உள்பக்கம் அப்படி ஒரு மேடு இருந்தால் அது ஈறில் குத்தும். லேபில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே அதுதான், விரலில் இடறுவதை ராவித் தள்ளு. பதினோரு வருஷம் ஆயிரக்கணக்கான மேடுகளைத் தள்ளியிருக்கிறாள். அந்தப் பழக்கம் மூளைப் பக்கமே போகாமல் விரலிலிருந்து நேராக ராவிக்குப் போய்விட்டது. ஊரில் இருக்கிற எல்லாவற்றையும் ஏன் ஏன் என்று கேட்கிற மனுஷி, இந்த மேடு ஏன் இருக்கிறது என்று மட்டும் கேட்கவில்லை! வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் மூன்று துளைகளில் மேட்டை எடுத்து, வழவழவென்று ஆக்கிவிட்டாள். நான்காவதில் ராவியை வைக்கப் போகும்போது மோட்டார் வந்து சேர்ந்தது.

மாட்டினாள். முதல் துளையை அளந்தாள். ஐம்பத்தைந்து. இரண்டாவதும் மூன்றாவதும் அதேதான். பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டு, இன்னும் கைபடாத நான்காவதை வைத்தாள்.

தண்ணீர் அறுபத்திரண்டில் போய் நின்றது.

குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று ஊதிப் பார்த்தாள். பெட்டி ஓரத்தில் ஒழுகுகிறதோ என்று மெழுகு வைத்தாள். இடம் மாற்றி வைத்தாள். ஆறு தடவை அளந்தாள். நாள்கணக்கில் செதுக்கிய மூன்றும் ஐம்பத்தைந்து, தொடாத ஒன்று அறுபத்திரண்டு. பஸ்காரரின் ஒரே ஹெட்டில் நான்கில் மூன்று பாகத்தை அவள் கையாலேயே கெடுத்திருந்தாள்.

நான்கு துளைகளுக்கும் ரப்பர் அச்செடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தாள். தொடாததன் அச்சில் மட்டும், வளைவின் உள்பக்கம் விரல்நுனி அளவுக்கு ஒரு பள்ளம். வார்ப்பில் தப்பு நடந்திருந்தால் ஒன்றில் இருக்கும், நான்கிலும் ஒரே இடத்தில், ஒரே உயரத்தில் எப்படி இருக்கும்? யாரோ ஒருத்தர், என்ன பேரோ, அறுபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்து வைத்த மேடு அது. காற்று போகிற வழியில் மேடு வைத்தால் காற்று அதிகமாகப் போகும் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? பயத்துக்கு நடுவிலும் அவளுக்கு இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நின்றது. அப்படிப்பட்ட ஜென்மம்.

மெக்கானிக் வந்தார், எண்களைப் பார்த்தார், தலையில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "பசை வச்சு அடைச்சு, பழையபடி ஆக்கி மூடிடு. உள்ள என்ன இருக்குன்னு யாரு எட்டிப் பாக்கப் போறா?" என்றார். கெட்டவர் இல்லை அவர். பெண்டாட்டி தலைகுனிந்து நிற்பதைப் பார்க்கச் சகிக்காதவர்.

"நான் பாத்துட்டேனே," என்றாள் பல்லக்கா.

மறுநாள் பஸ்காரரை வரச்சொன்னாள். மன்னிப்புக் கேட்பது அவளுக்குக் கைவராத வித்தை. மூன்று தடவை தொண்டையைக் கனைத்துவிட்டு, ரப்பர் அச்சுகளை அவர் கையில் கொடுத்து, நடந்ததைப் போட்டு உடைத்தாள். மேடு இருந்தது, எடுத்துவிட்டேன், எடுத்தது தப்பு, அது ஏன் தப்பு என்று இன்னும் புரியவில்லை.

பஸ்காரர் அச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "காத்து வேகமா வருமா?"

"சும்மா வேகமா? புயல் மாதிரி வரும்ணே."

"வந்து இந்தப் பக்கமா திரும்பணும்."

"ஆமா."

"இது தெரியாதா தங்கச்சி?" என்று அவர் ரப்பர் துண்டை ஸ்டியரிங் மாதிரி இரண்டு கையாலும் பிடித்தார். "ஒன்பதாவது வளைவுல வேகமா வந்து உள்பக்கம் ஒட்டித் திருப்பிப் பாருங்க, பஸ் திரும்பாது, நேரா பள்ளத்தைப் பாக்கப் போயிடும். உள்பக்கத்தைக் கொஞ்சம் விட்டு அகலமா எடுத்தாத்தான் திரும்பும். இந்த மேடு உள்பக்கத்துல இருக்கு பாருங்க. காத்தை ஒட்டவிடாம அகலமா திருப்புது. ரோடு போட்டவன் கெட்டிக்காரன்."

ஒரு ராத்திரி முழுக்கப் பல்லக்காவின் மண்டையைக் குடைந்ததை இந்த மனுஷர் நின்ற நிலையில் சொல்லிவிட்டாரே! சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அதுவும் மன்னிப்புக் கேட்கிற நேரத்தில். அடக்கிக்கொண்டாள். மேட்டைத் திருப்பி வைக்கலாம் என்றாள். இரும்பில் ஒட்டும் பசை இருக்கிறது, கல்லாக இறுகும், ஆனால் எப்போதாவது பெயர்ந்தால் எஞ்சினுக்குள் விழும். அதனால் முதல் தடவை மலை ஏறி வந்ததும் திறந்து பார்த்தே ஆகவேண்டும்.

"சரி. வண்டி ஏறுமா?"

"தெரியாதுண்ணே."

பஸ்காரர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். "தெரியாதுன்னு சொன்ன மொத ஆள் நீங்கதான். பண்ணுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. லேபில் பல் வைத்துப் பார்க்கிற ரோஸ் நிற மெழுகை எடுத்து, முதல் துளையில் மேடு கட்டினாள். அளந்தாள். பழையபடி அறுபத்திரண்டு வந்தது. அதோடு விட்டிருக்கலாம். பழையபடி இருந்தால் பழையபடி ஒன்பதாவது வளைவில்தானே நிற்கும்? மேட்டை ஒரு மயிரிழை உயர்த்தினாள், சரிவை நீட்டினாள். அறுபத்து மூன்று. இன்னும் கொஞ்சம். அறுபத்தைந்து. அதிகமாகப் போனதும் எண் சரிந்தது, சுரண்டினாள். அறுபத்தாறில் வந்து நின்றபோது வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி, "வந்துட்டான்!" என்று கத்தினாள். மெக்கானிக் யாரோ விருந்தாளி என்று சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

பசை பிடிக்க வேண்டுமானால் இரும்பை முதலில் குறுக்கும் நெடுக்குமாகக் கீற வேண்டும். வழவழப்பான இடத்தில் பூசினால் ஒட்டாது. மூன்று துளைகளிலும் கீறி, பூசி, வடிவம் பிடித்தாள். அப்புறம் நான்காவது. அதன் அறுபத்திரண்டு இப்போது மற்றதைவிடக் குறைவு. அதன்மேலும் மெல்லிசாகப் பூசி உயர்த்தினால் நான்கும் ஒன்றாகிவிடும். ராவியைக் கிட்டே கொண்டுபோனாள். அந்த மேடு அவளைப் பார்க்கிற மாதிரி இருந்தது. மூன்றைத்தான் தின்றாகிவிட்டது, இதையும் கீறுவதா? மனசு வரவில்லை. ராவியை நிறுத்திவிட்டு, ஸ்பிரிட்டால் நன்றாகத் துடைத்து, அப்படியே பூசிவிட்டாள்.

"கீறாம பிடிக்குமா?" என்றார் மெக்கானிக்.

"பிடிக்கும்," என்றாள் இவள். எப்படிப் பிடிக்கும் என்று அவளே கேட்டுக்கொள்ளவில்லை. நான்கும் அறுபத்தாறு காட்டின.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினார்கள். பஸ்காரர் நல்ல சட்டை போட்டிருந்தார். பக்கத்தில் மனைவி, பின்னால் பல்லக்காவும் மடியில் டூல்ஸ் பெட்டியோடு மெக்கானிக்கும். மனைவி வந்ததே பெரிய காரியம், அதுவும் பல்லக்கா வீட்டுக்கே போய், "அண்ணி, இந்த ஒரு தடவை எனக்காக" என்று கையைப் பிடித்துக் கேட்டதால்தான். நடப்பதற்குத் தோதான செருப்பும் குடையும் எடுத்துவந்திருந்தாள். "எதுக்கும் இருக்கட்டும்" என்றாள், யாரையும் குத்திக்காட்டாமல்.

நான்காவது வளைவு தாண்டியதும் எஞ்சினிலிருந்து டக் என்று ஒரு சத்தம். ஒரே ஒரு தடவை. பல்லக்கா மெக்கானிக்கைப் பார்த்தாள், அவர் அவளைப் பார்த்தார். அதற்கப்புறம் எஞ்சின் ஒழுங்காகவே ஓடியது.

"பேசிட்டே ஓட்டுறேன்னீங்களே?" என்றாள் மனைவி ஏழாவது வளைவில்.

"வளைவு வருது, சும்மா இரு."

ஒன்பதாவது வந்தது. எஞ்சின் சத்தம் தாழ்ந்தது. மனைவியின் கை தானாகக் கதவுப் பிடிக்குப் போனது. சத்தம் இன்னும் கொஞ்சம் தாழ்ந்து, அங்கேயே நின்று, பிறகு மெல்ல மெல்ல ஏற ஆரம்பித்தது. வளைவு பின்னால் போய்விட்டது. பத்தாவதும் போனது. பஸ்காரர் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே பதினோராவதையும் தாண்டினார். உச்சியில் போய் நிறுத்தினார். மனைவி இறங்கி, புடவையைச் சரிசெய்துகொண்டு, "பரவாயில்லையே" என்றாள். அவ்வளவுதான். அடுத்த வாரமும் வருவேன் என்று சொல்லவில்லை. அவரும் பயந்துகொண்டு கேட்கவில்லை.

இறங்கி வந்ததும் பல்லக்கா ஹெட்டைத் திறக்க வேண்டும் என்றாள். பஸ்காரர் ஒரே பிடியாக மறுத்தார்.

"ஏறின வண்டியை யாராவது திறப்பாங்களா? மறுபடி மூடி, மறுபடி நின்னுச்சுன்னா? அவ மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது?"

"எனக்குப் பயமா இருக்குண்ணே," என்றாள் பல்லக்கா. அவள் இப்படிச் சொல்லி மெக்கானிக்கே கேட்டதில்லை. "டக்குன்னு சத்தம் வந்துச்சு. அது என்னன்னு தெரியாம அண்ணியை அதுல உக்கார வைக்க என்னால முடியாது."

செவ்வாய்க்கிழமை பஸ்காரர் காரைக் கொண்டுவந்து விட்டார். அப்படி என்னதான் உள்ளே இருக்கிறது பார்ப்போம் என்று மனைவியும் கூட வந்தாள்.

மெக்கானிக் ஹெட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். பல்லக்கா விரலை விட்டாள். முதல் துளையில் மேடு கெட்டியாக இருந்தது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் இருந்தது. நான்காவதில் விரலை விட்டவள் அப்படியே நின்றாள். அவள் பூசியது அங்கே இல்லை. ஒரு துணுக்குகூட மிச்சமில்லாமல் பெயர்ந்துபோய், அந்தப் பழைய இரும்பு மேடு மட்டும், பூசுவதற்கு முன் இருந்தபடியே இருந்தது. மெக்கானிக் டார்ச்சை அடித்து எஞ்சினுக்குள் பார்த்தார். துளைக்குக் கீழே ஏறி இறங்கும் நான்காவது பிஸ்டன் தலையில் நகத்துணுக்கு அளவில் ஒரு வடு. பசைத் துண்டு உள்ளே விழுந்து, அடிபட்டு, நொறுங்கிப் புகையோடு வெளியே போயிருக்கிறது.

"அண்ணி, நான் சொல்றேன், கேட்டுக்கோங்க," என்றாள் பல்லக்கா. பஸ்காரரிடம் சொன்னதை மட்டுமல்ல, எல்லாவற்றையும் சொன்னாள். மேட்டை எடுத்தது, திருப்பி வைத்தது, நான்காவதைக் கீற மனசு வராமல் பூசியது. "நாலாவது வளைவு தாண்டினதும் டக்குன்னு கேட்டது அதுதான். அந்தத் துண்டு வால்வுல சிக்கியிருந்தா வளைவு நடுவுலயே எஞ்சின் உடைஞ்சிருக்கும். நீங்க உள்ள இருந்தீங்க. மொதல்ல அந்த மேட்டை வச்ச மனுஷனை மதிக்காம தப்புப் பண்ணேன். அப்புறம் அளவுக்கு மீறி மதிச்சுத் தப்புப் பண்ணேன். ரெண்டும் நான்தான்." கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை.

பஸ்காரர் ஹெட்டைப் பார்க்கவில்லை, மனைவி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்தது என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. இதையெல்லாம் கேட்டபிறகு எந்தப் பெண் அந்தக் காரில் கால் வைப்பாள்?

மனைவி மேசைக்குக் கிட்டே வந்தாள். "அப்போ அந்த ஒன்பதாவது வளைவுல, நீ பூசினது இதுல இல்லாமத்தான் ஏறுச்சா?"

"ஆமா அண்ணி. மூணு நான் வச்சது, இது ஒண்ணு அவரு வச்சது."

"எவரு?"

"தெரியலியே."

அவள் சுண்டுவிரலை நான்காவது துளைக்குள் விட்டாள். முப்பது வருஷம் கொதிநீரில் துணி அலசிய விரல். கொஞ்சம் தடவினாள். "இதுவா?"

"இதுதான்."

"இத்துனூண்டு இருக்கு." விரலை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "மறுபடி பூசப் போறியா?"

"இல்ல அண்ணி. இப்படித்தான் ஏறுச்சு, இப்படியே இருக்கட்டும். பெயர்றதுக்கு இதுல எதுவும் இல்ல. மத்த மூணும் பல்லு மாதிரி பிடிச்சிருக்கு, நானே இழுத்துப் பாத்துட்டேன்."

"சரி, சனிக்கிழமைக்குள்ள மூடிக் குடுத்துடு. ஞாயித்துக்கிழமை தங்கச்சி வீட்டுக்குப் போகணும்."

"பஸ்லயா?" என்றார் பஸ்காரர்.

"பஸ்ல எதுக்கு?" என்றாள் அவள். "உங்க பக்கத்துல உக்காந்துக்கிறேன்."